மழை விட்ட பிறகு

நவம்பர் 3

நேற்று மாலை பிடித்த மழை இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் விட்டது. தோட்டத்து மூலையில் கிடந்த காலி டின்னுக்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன்: 9 செ.மீ. ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நாலு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள தக்காளிப் பாத்தியில் மட்டும் 360 லிட்டர் கொட்டியிருக்கிறது. வடிகால் வெட்ட வேண்டும் என்று போன மாதமே நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பாத்திக்குள் இறங்காமல் வெளியே நின்றபடியே மண்வெட்டியால் ஓரத்தை வெட்டிவிட்டேன். ஈர மண்ணை மிதித்தால் இறுகிப்போகும். தொட்டிகளில் இரண்டுக்குத் துளை அடைத்திருந்தது. குச்சியால் குத்திவிட்டு, துளை கீழே வருகிற மாதிரி சாய்த்து வைத்தேன். நேராக இருந்தபோது சொட்டு நின்றுபோன தொட்டிகூட, சாய்த்ததும் மறுபடி ஒழுகியது.

நவம்பர் 4

சுள்ளென்று வெயில். மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. "வாடிக் கெடக்கே, ஒரு சொம்பு தண்ணி ஊத்தக்கூடாதா?" என்றார் அம்மா. நானும் யோசிக்காமல் சொம்போடு போய்விட்டேன். குனிந்து விரலை மண்ணில் விட்டதும் குழியில் தண்ணீர் ஊறியது. கூடவே சாக்கடை வாடை.

தாகம் இல்லை, மூச்சுத்திணறல். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிரம்பிவிட்டால் வேருக்கு மூச்சு கிடைக்காது. மூச்சில்லாத வேர், தண்ணீரிலேயே நின்றாலும் அதை இழுக்காது. தக்காளியில் வேறு கோலம்: இலை வதங்கவில்லை, காம்பு மட்டும் குடை மடக்கினாற்போல் கீழே வளைந்திருக்கிறது. வேர் திணறும்போது செடிக்குள் எத்திலீன் என்ற வாயு கூடுவதால் வருவது அது.

சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 5

கீரை நாற்றுகள் போயின. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாய் இளைத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல். நெருக்கமாகத் தூவியது என் தப்பு. மிஞ்சியதை நத்தைகள் பார்த்துக்கொண்டன.

நவம்பர் 7

தக்காளியில் நாலு காய் வெடிப்பு. வேர் திடீரென்று நீரை இழுக்கும்போது உள்ளே சதை பருக்கிறது, தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. வெடித்ததைப் பறித்துவிட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை இலைகளின் அடிப்பக்கம் முழுக்கச் சேற்றுப்புள்ளி. மண்ணிலுள்ள பூஞ்சணம் செடியேறுவது இப்படித்தான். இலை காய்ந்திருந்த நேரம் பார்த்து அவற்றைக் கிள்ளிவிட்டு, சருகு பரப்பினேன். முன்பே பரப்பியிருந்தால் சேறே தெறித்திருக்காது.

அடியிலைகள் மஞ்சளாகின்றன. தழைச்சத்தில் ஒரு பங்கு மழையோடு கீழே இறங்கியிருக்கும். உரம் போடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் வேரே சோர்ந்து கிடக்கும்போது யாருக்கு விருந்து? பொறுக்கலாம்.

நவம்பர் 8

சுரையில் பிஞ்செல்லாம் பழுத்து உதிர்கிறது. மழையில் பூச்சிகள் வரவில்லை, மகரந்தம் நனைந்து கட்டிபட்டிருக்கும். சாயங்காலம் ஆண்பூ ஒன்றைப் பறித்துப் பெண்பூவில் நானே தடவினேன்.

நவம்பர் 11

இரண்டு மிளகாய்ச் செடிகள் திரும்பவில்லை. பிடுங்கினால் வேரின் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது, உள்ளே பழுப்பு நரம்பு. மற்ற மூன்று நிமிர்ந்துவிட்டன.

தக்காளித் தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாய் முண்டு. முதலில் நோய் என்று பயந்தேன், புது வேர்! பழைய வேர் கைவிட்டதும் மேலேயே வேறு வழி தேடிக்கொள்கிறது. அந்த முண்டுகள் மூடும் உயரம்வரை மண் அணைத்தேன்.

கீரைப் பாத்தி மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கினேன். உருண்டையாயிற்று, கட்டைவிரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே தட்டியிருந்த பொருக்கைக் களைக்கொத்தால் லேசாக உடைத்துவிட்டேன். நாளைக்கு விதைக்கலாம், இந்த முறை நெருக்காமல், இடைவெளி விட்டு.