“ஒபீஸ் எந்தப் பக்கம், தம்பி?”

பதிவு நாள் காலை எட்டரை மணி இருக்கும். முதலாம் வருடப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருகோணமலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் உள்ளே, ஒரு நாற்சந்தியில், புதிதாக நட்ட வழிகாட்டிப் பலகைக்குப் பக்கத்தில், நான் கொஞ்சம் பெருமையோடுதான் நின்றேன். நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. மூன்று மொழி, அம்புக்குறி, நீலப் பின்னணியில் பளிச்சென்ற வெள்ளை எழுத்து. ஒரு கையில் ஃபைலும் மறு கையில் தண்ணீர்ப் போத்தலுமாக ஒருவர் வந்து, அந்தப் பலகையின் நிழலிலேயே நின்று, அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, பிள்ளையளப் பதியிற இடம் எந்தப் பக்கம்?”

பலகையில் இருந்தது ‘கல்வி நிர்வாகக் கிளை’. அவருடைய மகள் வைத்திருந்த கடிதத்தில் இருந்தது ‘மாணவர் பதிவு’. இரண்டும் ஒரே கதவு. அது எனக்குத் தெரியும், அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் நிற்கும் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

நான் பராமரிப்புப் பிரிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கூரை ஒழுகினால், குழாய் உடைந்தால், மின்விசிறி சத்தம் போட்டால் என்னைத் தேடுவார்கள். பலகை வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், அது வேறு யாருடைய வேலையுமாக இருக்கவில்லை. நானும் எனக்குத் தெரிந்த மாதிரித் தொடங்கினேன். நில அளவைப் படத்தை மேசையில் விரித்து, கட்டடத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பலகை என்று பட்டியல் போட்டு, விலைமனு கேட்டு, அடித்து, நட்டு முடித்தேன். பலகை நிற்கும் இடத்தில் ஒரு மனிதன் என்ன கேட்பான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கட்டடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டவனுக்கு அதன் பெயர் அவ்வளவு அவசரமில்லை. இரண்டு திருப்பத்துக்கு முன்னால் தடுமாறி நிற்கிறானே, அவனுக்குத்தான் அது வேண்டும்.

பதிவு நாள் முடிந்த அடுத்த கிழமை, ஒரு கொப்பியோடு வாசல் காவலரணில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த காவலாளி கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் ‘நானா’தான், எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. மூன்று நாள் அவருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, வருகிறவர்கள் கேட்பதை அப்படியே அவர்கள் வாயால் வந்தபடி எழுதிக்கொண்டேன். ‘ஒபீஸ்’. ‘பீஸ் கட்டுற இடம்’. ‘சேர்ட்டிபிகேட் எடுக்கிற இடம்’. ‘பெரிய ஹோல்’. ‘டொய்லட்’. நிதிப்பிரிவு என்றோ கேட்போர்கூடம் என்றோ மலசலகூடம் என்றோ கேட்டவர் மிகக் குறைவு.

நானா பதில் சொல்லும் முறைதான் எனக்குப் பெரிய பாடம். “நேரே போங்க, தண்ணித் தாங்கி தெரியும். அதுக்கு முன்னால ஒரு வேப்பமரம். அங்க போய் இன்னொருத்தருட்ட கேளுங்க.” அந்தக் கடைசி வாக்கியம் ஏன் என்று கேட்டேன். “தம்பி, ரெண்டு வளைவுக்கு மேல சொன்னா ஆக்களுக்கு மனசுல நிக்காது. மிச்சத்த அங்க போய்க் கேக்கட்டும்” என்றார்.

கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்டமிடலாளர், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களின் ஆட்களிடம் பேசி, மனிதர் தங்கள் ஊரை மனதில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று 1960இல் எழுதினார். பாதை, எல்லை, பகுதி, சந்தி, அடையாளப் பொருள் என்று ஐந்தாகப் பிரித்தார். இந்த வேலை தலையில் விழுந்த பிறகுதான் அதை வாசித்தேன். வாசிக்கும்போது நானாவின் தண்ணீர்த் தாங்கியும் வேப்பமரமும்தான் கண்ணுக்குள் வந்தன. திருகோணமலை டவுனுக்குள் வழி கேட்டாலும் இதே கதைதான். வீதிப் பெயரை யார் சொல்கிறார்கள்? மணிக்கூட்டுக் கோபுரத்தால் திரும்பி, காளி கோயிலடியால் போய் என்றுதான் சொல்வார்கள்.

ஆக, நானா “இன்னொருத்தருட்ட கேளுங்க” என்று அனுப்பும் இடங்களில்தான் பலகை நிற்க வேண்டும். அந்த இடங்களைத் தேடி நடந்தேன். வாசலிலிருந்து வருகிறவர்கள் எந்த இடத்தில் வேகம் குறைந்து, தலையைத் திருப்பி, போனை எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். ஐந்தாறு இடம்தான் வந்தது. என்னுடைய பழைய பட்டியலில் அவற்றில் ஒன்று மட்டும் இருந்தது. அந்த நாற்சந்தி.

அப்புறம் பெயர்ச் சண்டை. ஒவ்வொரு துறைக்கும் தன் முழுப்பெயர் பலகையில் வர வேண்டும். முழுப்பெயர் என்றால் தமிழில் ஒரு வரியில் அடங்காது, மூன்று மொழியில் ஆறு வரி, அம்புக்கு இடமே இல்லை. ‘புதுக் கட்டடம்’ என்று எல்லோரும் சொல்லும் கட்டடம் கட்டிப் பல வருடமாகிவிட்டது, ஆனாலும் அது புதுக் கட்டடம்தான். அப்படி எழுத முடியுமா? கூட்டத்தில் நான் வைத்த யோசனை, கட்டடங்களுக்கு இலக்கம் கொடுப்பது. அ, ஆ, இ என்றால் சிங்களப் பிள்ளைக்கு விளங்காது, ஆங்கில எழுத்து என்றால் வயதான பெற்றோருக்குச் சிரமம். 1, 2, 3 மூன்று மொழிக்காரருக்கும் ஒன்றுதான். கட்டட மூலையில் ஆளுயரத்துக்கு ஓர் இலக்கம் தீட்டிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும், கடிதத்திலும் ‘7ஆம் கட்டடம்’ என்று போடலாம்.

நல்ல யோசனைதான் என்றார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது: 1 யாருக்கு? அரை மணித்தியாலம் அதிலேயே போனது. கடைசியில், வாசலிலிருந்து நடந்து வரும் ஒழுங்கில் எண்ணுவோம் என்று முடிவாகி, 1ஆம் இலக்கம் காவலரணுக்குப் போய்ச் சேர்ந்தது. நானா ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பெயர் விஷயத்தில் பாதிதான் வென்றேன். பெரிய எழுத்தில் மக்கள் கேட்கும் சொல், கீழே சின்ன எழுத்தில் அலுவலகப் பெயர் என்று சமாதானமானோம். ‘மாணவர் பதிவு’ பெரிதாக, ‘கல்வி நிர்வாகக் கிளை’ சிறிதாக. ‘டொய்லட்’ என்று எழுத யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அந்த இடத்தில் ஆண், பெண் உருவம் போட்டாயிற்று.

இனி அச்சுக்கடைக் கதை. இதில் பிழை என்னுடையதும்தான், அதனால் கடையின் பெயர் வேண்டாம். நான் யூனிகோடில், அதாவது இன்று கணினியும் போனும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டில், தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர்களிடம் இருந்த வரைகலை மென்பொருள் பழையது. அதில் திறந்தபோது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தங்கள் எழுத்தைவிட்டு விலகி, புள்ளி வட்டங்களோடு தனியாக நின்றன. தமிழில் ‘கொ’ என்று எழுதினால் ஒரு பகுதி எழுத்துக்கு முன்னாலும் ஒரு பகுதி பின்னாலும் போக வேண்டும், அந்த ஒழுங்கு தெரியாத மென்பொருள் இப்படித்தான் செய்யும். கடையில் இருந்த பையன் என்ன செய்தான், எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் மறுபடி தட்டினான். இலங்கையில் அச்சு வேலை செய்யும் ஆட்களுக்குப் பாமினி கைப்பழக்கம். ஆனால் மறுபடி தட்டும்போது ஓர் எழுத்து மாறிவிட்டது. ‘விரிவுரை மண்டபம்’ ‘விரிவரை மண்டபம்’ ஆகிவிட்டது. சரிபார்க்கும் படியைப் போனில் பார்த்து “ஓகே” அனுப்பியவன் நான். பலகை சுவரில் ஏறிய அன்றுதான் கண்ணில் பட்டது. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கையில் ‘தாய்’ ‘நாய்’ ஆகிப்போன படத்தைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து எழுத்தை எழுத்தாக அனுப்புவதில்லை. எல்லாவற்றையும் எழுத்துருவே வேண்டாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகத்தான் கொடுக்கிறேன். அடிப்பதற்கு முன் ஒரு தாளில் அச்செடுத்து, தமிழை ஒரு தமிழரும் சிங்களத்தை ஒரு சிங்களவரும் எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்க வேண்டும். அலுவலகத்தில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுத்தின் அளவிலும் நான் ஆங்கிலக் கணக்கை நம்பி ஏமாந்தேன். 25 மில்லிமீட்டர் உயர எழுத்தைச் சுமார் 10 மீட்டர் தூரத்திலிருந்து வாசிக்கலாம் என்பது இந்தத் தொழிலில் சொல்லும் கைக்கணக்கு. அது ரோமன் எழுத்துக்கு. நம்முடைய ‘ண’வில் எத்தனை சுழி, ‘ஞ’வில் எத்தனை வளைவு. தூரம் போகப்போக முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி, அதற்கடுத்து ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். ஓய்வுபெறக் கொஞ்ச நாளே இருந்த சக உத்தியோகத்தர் ஒருவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, அச்சடித்த தாள்களைச் சுவரில் ஒட்டி, அவரைப் பின்னால் பின்னால் நடக்கச் சொல்லிப் பார்த்தேன். தமிழ் எழுத்தின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. அதிகம் தடித்த எழுத்தும் உதவவில்லை. கருநீலத்தில் வெள்ளை எழுத்து வெயிலில் ஊதினாற்போலத் தெரிந்து, சுழிகளின் உள்ளே இருக்கும் ஓட்டை அடைபட்டுப்போகிறது. நடுத்தர தடிப்பும் பளபளப்பில்லாத மேற்பரப்பும்தான் கடைசியில் நின்றன. மூன்று மொழிக்கும் கணினியில் ஒரே அளவைக் கொடுத்தால் மூன்றும் ஒரே உயரமாகத் தெரியாது என்பதையும் அப்போதுதான் கண்டேன். கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதில் சிங்கள நண்பர் ஒருவர் மிகவும் உதவினார். அவர்களுடைய எழுத்திலும் மேலே கீழே குறிகள் இருக்கின்றன, நம்மைப் போலவே அவதிதான்.

வாசலுக்கு உள்ளே ஒரு பெரிய வரைபடப் பலகை. அதிலும் ஒரு பிழை விட்டேன். படிப்பில் பழகியபடி வடக்கை மேலே வைத்து வரைந்துவிட்டேன். பார்க்கிறவர் மேற்கைப் பார்த்து நிற்கிறார். படத்தில் மேலே இருப்பது அவருக்கு நேரே இல்லை, வலக்கைப் பக்கம். நூலகம் தேடிய பிள்ளைகள் விடுதிப் பக்கம் போனார்கள். படத்தைத் திருப்பி, நிற்பவருக்கு நேரே இருப்பது மேலே வரும்படி வரைந்தேன். வடக்குக் குறியை எடுத்துவிட்டு, கீழ் விளிம்பில் அலை போட்டுக் ‘கடல்’ என்று எழுதினேன். டவுனுக்குள் இது சரிவராது, அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல், ஒரு பக்கம் துறைமுகம் மறுபக்கம் குடா. வடக்கே நிலாவெளிப் பக்கம் போகப்போகத்தான் கடல் கிழக்கில் ஒழுங்காக நிற்கும். எங்கள் வளாகத்திலும் காற்று வரும் திசையை வைத்தே கடல் எங்கே என்று யாரும் சொல்வார்கள். சுனாமி நேரத்தில் ஓட வேண்டிய வழிப் பலகையை மட்டும் இவற்றோடு சேர்க்கவில்லை. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊர் இது. அதற்குத் தனிக் கம்பம், தனி நிறம்.

மேல்நோக்கிய அம்பு இன்னொரு தலைவலி. ‘நேரே போ’ என்று நாங்கள் போட்டதை ‘மாடிக்குப் போ’ என்று வாசித்தவர்கள் உண்டு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்த அம்பு வரவே கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

மற்றது இந்த ஊரின் காற்று. உப்புக்காற்றுக்கு இரும்புக் கம்பம் தாங்காது, ஒரு மாரி முடிந்ததும் ஆணித்துளையைச் சுற்றி மண்ணிறக் கோடு வழிந்துவிடும். அலுமினியத் தகடும் துருப்பிடிக்காத ஆணியும் விலை கூடத்தான், ஆனால் இரண்டாம் தரம் நடுகிற செலவு இல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அகலமான பலகை பாய்மரம் மாதிரி இழுக்கும், சீமெந்து அடித்தளத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. சிவப்பு நிறம்தான் வெயிலில் முதலில் வெளிறும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் ‘நுழையாதே’ பலகை ஒன்று இளஞ்சிவப்பாகி நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சிக்கல் ஒன்றும் உண்டு: மாடுகள். கம்பத்தில் உடம்பு உரசுவது அவற்றுக்குச் சுகம். ஒரு கிழமையில் அம்பு நூலகத்தைவிட்டு விளையாட்டு மைதானத்தைக் காட்டியது. இப்போது ஒற்றைக் கம்பமே நடுவதில்லை, இரண்டு கம்பம்.

இத்தனை பாடு எதற்கு, வாயைத் திறந்து கேட்டால் போயிற்று என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். கேட்கக்கூடியவருக்குச் சரி. பகிடிவதைத் தடைச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கமாக வந்து இவ்வளவு காலமாகியும், இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதலாம் வருடப் பிள்ளையும் சீனியரிடம் வழி கேட்பதற்கு முன் ஒரு தரம் யோசிக்கும். தமிழ் தெரியாத குருநாகல் தகப்பனும், சிங்களம் தெரியாத மூதூர்த் தாயும் யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று யோசிப்பார்கள். நாற்சந்தியில் என்னிடம் கேட்டவருக்குக் கேட்க நான் இருந்தேன். பலகை பேச வேண்டியது, கேட்க ஆளில்லாமல் அல்லது கேட்க வாய் வராமல் நிற்பவரோடுதான்.

அடுத்த பதிவு நாளிலும் போய் அந்த நாற்சந்தியில் நின்றேன். கேட்டவர்கள் குறைவு. ஒரு மூதாட்டி மட்டும் பலகையை முழுவதும் வாசித்துவிட்டு, “மகன், இதில போட்டிருக்கிறது சரிதானே?” என்று கேட்டுவிட்டுப் போனார். நானாவிடம் இன்னும் கேட்கிறார்கள். அவர் இப்போது “4ஆம் நம்பர்” என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அந்த வேப்பமரத்தின் கிளை ஒன்று வளர்ந்து பலகையில் ‘மாணவர்’ என்ற சொல்லை மறைக்கத் தொடங்கியிருக்கிறது. வெட்டச் சொல்லி இரண்டு தரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கிழமையும் நடக்காவிட்டால் நானே கத்தியோடு போக வேண்டியதுதான்.