எம்டிஎஸ் நீட்: வயதை முதலில் படியுங்கள்
பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான எம்டிஎஸ் நீட்டின் ரிசல்ட் போன வாரம் வந்தது. இரண்டாவது முயற்சியில் சீட் கிடைக்கும் ரேங்க். கோத்தகிரியில் வீட்டிலிருந்தே படித்தேன். 240 கேள்வி, நெகட்டிவ் மார்க் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: நோயாளியின் வயதும் அறிகுறியும் சொல்லிக் கேட்கும் கேஸ் கேள்வியில் முதலில் வயதைப் பாருங்கள்.

முதல் முயற்சியின்போது ஒரு மாதிரித் தேர்வில் 72 வயதுப் பெண், மெல்லும்போது தாடை வலி என்று கேட்டிருந்தார்கள். தாடை மூட்டுக் கோளாறு என்று டிக் அடித்தேன். தப்பு. விளக்கத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

அடுத்த மாதமே பாட்டி சொன்னார்: "நாலு வாய் மெல்றதுக்குள்ள தாடை அசந்துடுது சாமி, நிறுத்தினா சரியாயிடுது." தலை சீவினாலும் வலித்தது. குளிர் என்று நினைத்தோம். பல் டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார், நானும் தலையாட்டினேன். மூன்று வாரத்தில், ஒரு காலையில் வலது கண் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு ஓடினோம். ஸ்டீராய்டு கொடுத்து இடது கண்ணைக் காப்பாற்றினார்கள். வலது கண் போனது போனதுதான்.

பாட்டிக்கு வந்ததும் அந்த மாதிரித் தேர்வுக் கேள்வியின் விடையும் ஒன்றுதான்: ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். ரத்தக்குழாய் வீங்கி அடைவதால் மெல்லும் தசைக்கு ரத்தம் போதாது. அதனால் மெல்ல மெல்ல வலி ஏறும், நிறுத்தினால் இறங்கும். மூட்டுக் கோளாறில் வாயைத் திறக்கும்போதே வலிக்கும், 'டக்' சத்தம் இருக்கலாம், பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்காரர்கள். ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் 50 வயதுக்கு முன் வருவது மிக அபூர்வம்.

என் நோட்டில் இருந்தவை:
- புதுத் தலைவலி, நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் தடித்து வலிப்பது, சட்டென்று பார்வை மங்குவது.
- உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர். பெரும்பாலும் 50க்கு மேல், சி.ஆர்.பி.யும் ஏறும்.
- தோள், இடுப்பு விறைப்பு இருந்தால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயும் சேர்ந்திருக்கலாம்.
- பயாப்ஸிக்காக (நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) காத்திருக்கக் கூடாது, ஸ்டீராய்டை உடனே தொடங்க வேண்டும். 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் இதுதான் பதில். தொடங்கி ஓரிரு வாரம் ஆனாலும் பயாப்ஸியில் நோய் தெரியும்.
- பயாப்ஸி நார்மல் என்றாலும் நோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தக்குழாயில் வீக்கம் இடம் விட்டு இடம் இருக்கும், எடுத்த துண்டில் இல்லாமல் போகலாம்.

தினம் 200 கேள்வி போடச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. விடியற்காலை போர்வைக்குள் 40 கேள்வி, தப்பானது ஒவ்வொன்றுக்கும் முழு விளக்கம், அவ்வளவுதான். விளக்கத்தைத் தாண்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

அப்புறம், சீட் கிடைத்து ஓ.பி.யில் உட்காரும்போது தாடை வலி என்று வரும் ஒவ்வொரு பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேளுங்கள்: "தலை சீவினா வலிக்குதா? கண்ணு மங்குதா?"