மொட்டைமாடி சுருக்கியைப் பெயர்த்து மாற்றினோம்: தண்டையார்பேட்டை வீட்டு அனுபவம்

வேலை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. சுண்ணாம்பு பட்டு வெடித்த விரல்கள் இன்னும் ஆறவில்லை. பழைய வீட்டு மாடியை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

அப்பா 1986-இல் கட்டிய வீடு. மாடி ஆறு சதுரம், அதாவது 600 சதுர அடி. தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதற்கு மேல் தட்டோடு. மழைத்தண்ணீர் வடிய வாட்டம் கொடுப்பதும் அதுதான், வெயில் வீட்டுக்குள் இறங்காமல் தாங்குவதும் அதுதான். சில வருடங்களாக ஓட்டின் மேல் நடந்தால் பொள்ளல் சத்தம் கேட்டது. ஓட்டு இடுக்குகளை அடைத்திருந்த பாயிண்டிங் போன இடங்களில் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனதிலிருந்து ஹால் கூரையில் ஓதம். கோடையில் இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் தொட்டால், சோறு வடித்து இறக்கிய பானை மாதிரி சுடும். அம்மாவுக்கு 78 வயது. அவர் படுப்பது அந்த ஹாலில்தான்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர், “பழசை எதுக்கு சார் எடுக்கணும்? மேலேயே கூலிங் டைல்ஸ் ஒட்டிடலாம், நாலு நாள் வேலை” என்றார். இரண்டாவது ஆள், பழைய சுருக்கிக்கு மேலேயே புதுச் சுருக்கி போடலாம் என்றார். செலவு பாதிதான். அட்வான்ஸ் கொடுக்கும் வரைக்கும் போய்விட்டேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வயதான மேஸ்திரியை மைத்துனர் கூட்டி வந்ததால் தப்பித்தோம். அவர் பேசவே இல்லை. ஒரு தட்டோட்டை நெம்பி எடுத்து, அடியில் இருந்த சுருக்கியில் ஒரு பிடி அள்ளி என் கண் முன்னால் பிழிந்தார். விரல் இடுக்கில் சிவப்புத் தண்ணீர் சொட்டியது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

“இதுக்கு மேல எதைப் போட்டு மூடினாலும் உள்ள இருக்கிற தண்ணி எங்க தம்பி போகும்? கீழதான் இறங்கும்” என்றார். ஊறின சுருக்கி சூட்டையும் தடுக்காது, அப்படியே தளத்துக்குக் கடத்தும். எடையையும் அவர்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆறு சதுரத்துக்கு மூன்று அங்குலச் சுருக்கி என்றால் எட்டு டன் அளவுக்கு வரும். அதன் மேல் இன்னொரு எட்டு டன்னை நாற்பது வருடத் தளம் எப்படித் தாங்கும்? மேலேயே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, பெயர்ப்பது என்று முடிவானது. என் பெரிய தப்பு இங்கேதான். புதிதாகப் போடுவதைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்ட நான், பெயர்ப்பது எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் நாள் மேஸ்திரி வராத நேரத்தில், வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று இரண்டு ஆட்கள் உடைக்கிற மிஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஹால் கூரைப் பூச்சு ஒரு பாய் அகலத்துக்குக் கட்டிலின் மேல் விழுந்தது. அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. பூச்சு விழுந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதியிருந்தது. கடற்காற்று வேறு, உள்ளே இறங்கின தண்ணீர் வேறு. கம்பியைத் தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, மறுபடி பூச ஒரு வாரம் கூடுதலாகப் போனது.

உளி, சுத்தியல் தவிர எதுவும் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கீழே இருக்கும் அறையைக் காலி செய்யாமல் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள்.

அடுத்து ரப்பீஸ், அதாவது பெயர்த்துப் போட்ட இடிபாடு. அதை அள்ளுவது ஒப்பந்தத்தில் இல்லை என்று மூட்டைகள் தெருவை அடைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சந்துக்குள் லாரி வராது. குட்டி யானையில் 14 நடை, அத்தனைக்கும் தனியாகப் பணம் அழுதேன். இரவில் எங்காவது கொட்டிவிடலாம் என்று வண்டிக்காரர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிடக் கழிவை அரைத்து மறுபடி பயன்படுத்தும் சென்னை மாநகராட்சி ஆலை நம் கொடுங்கையூரிலேயே இருக்கிறது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து எங்கே கொட்டலாம் என்று கேட்டுக்கொண்டு மூட்டை கட்டுங்கள்.

நாங்கள் தொடங்கியது ஜூன் கடைசியில். வடகிழக்குப் பருவமழைக்கு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். ஜூலையில் சாயங்கால இடிமழை வரும் என்பதை மறந்துவிட்டேன். தளம் அம்மணமாகக் கிடந்தபோது இரண்டு நாள் கொட்டியது. தார்ப்பாய் பற்றவில்லை, பீரோவை வெளியே இழுத்துப் போட்டோம். பொங்கல் முடிந்ததும் தொடங்கி, பங்குனிக்குள் முடித்துவிடுவதுதான் நல்லது.

சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை. செங்குன்றம் போகும் வழியில் ஒரு கடையில் மூட்டை ஏற்றுவதற்கு முன்னால், பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு ஒரு கட்டியைப் போட்டேன். நல்ல கற்சுண்ணாம்பு என்றால் சீறிக் கொதிக்க வேண்டும். அது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. ஈரக்காற்று பட்டுச் செத்துப்போன சரக்கு. போன வண்டி வெறும் வண்டியாகத் திரும்பியது, அரை நாள் கூலி போனது, ஆனால் மாடி பிழைத்தது. அடுத்த கடைச் சரக்கு பக்கெட்டையே சூடாக்கிவிட்டது. செங்கல் ஜல்லியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டால், வேகாத செங்கல் காலையில் கரைந்து நிற்கும்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெறும் தளத்தின் விரிசல்களை அடைத்து, ஓரத்தில் அணை கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்து வாட்டம் பிடித்தார்கள். புதுச் சுருக்கியைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் மூன்று நாள் தட்டினார்கள். பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் நன்றாகக் காயவிட்டுத்தான் ஓடு ஒட்டினோம். அவசரப்பட்டு ஒட்டியிருந்தால் பழைய கதைதான், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஓடு வெள்ளை. தட்டோட்டை விட அது வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிப் புழுதியில் சீக்கிரமே சாம்பல் பூத்துவிடும், கழுவாவிட்டால் பலன் குறையும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு துடைப்பமும் இரண்டு பக்கெட் தண்ணீரும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அதே நாற்காலியைப் போட்டு ஏறிக் கூரையில் கை வைத்தேன். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது. கீழே படுத்திருந்த அம்மா, “இறங்கும்போது ஃபேனைக் கொஞ்சம் குறைச்சிட்டுப் போடா” என்றார்.