ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?

பிரஷர் உள்ளவரிடம் "உப்பைக் குறைச்சுக்குங்க" என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதமும் அளவு அதே 160/100-இல் நிற்கும். வீட்டில் உப்புப் போடுவது அவரில்லையே! அதனால் குடும்ப மருத்துவர்கள் நாங்கள் சமைப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குகிறோம். முதல் கேள்வி, "ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளைக்கும்மா வருது?"

"கம்மியாத்தான் போடுவோம் டாக்டர்" என்பார்கள் எல்லா வீட்டிலும். கணக்குப் போட்டால்தான் தெரியும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். அப்படியானால் நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வரவேண்டும். 30 நாளில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல். மீன் கழுவியதையும் ஊறுகாய் போட்டதையும் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கடை மிக்சர், பஜ்ஜி எல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது.

புதுப் பாக்கெட்டை வெட்டும்போது அதன் மேலேயே தேதி எழுதச் சொல்கிறோம். 30 நாள் வந்ததை முதலில் 40 ஆக்கினால் போதும். அதாவது கால் பங்கு குறைப்பு. அதைப் பழகிய பிறகு 50. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாகப் பாதியாக்கிய வீடுகளில்தான் "சப்புன்னு இருக்கு" என்று ஊறுகாய் பாட்டில் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. நோயாளிக்கு மட்டும் தனிக் குழம்பு வைப்பதும் நிலைக்காது. இரண்டு வாரத்தில் சமைப்பவர் சலித்துப்போவார். வீட்டுக்கே ஒரே குழம்பு, உப்பு குறைத்து, எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக.

எதை முதலில் விடுவது என்பதை அவர்களே சொல்லட்டும். சோறு வடிக்கும்போது போடும் உப்பா, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயா, தினசரி அப்பளமா? ஒரு தடவைக்கு ஒன்றுதான். அதை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்து, அடுத்த முறை வந்ததும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் உப்பு ஓரளவு போகும், முழுக்கப் போகாது.

இந்துப்பு பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்; அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு அதற்கு மாறுவது நஷ்டம். கல்லுப்புக்கு மாறினால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், பாக்கெட் எடையைத்தான் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனாலாப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அளவு இறங்கியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் உண்டு. உப்புக் குறைப்பைப் பற்றிப் பேசும் அன்றே இதையும் சொல்லிவிட வேண்டும். தலைசுற்றல் வந்தால் வந்து காட்டட்டும், மாத்திரையைக் குறைப்பதா என்று நாங்கள் பார்க்கிறோம்.

மெஸ்ஸில் சாப்பிடுபவர்களிடம் பாக்கெட் கணக்கு செல்லாது. அவர்களிடம் சாம்பாரை எத்தனை தடவை ஊற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டுத்தான் தொடங்குகிறோம்.