பழைய ஹோபியைத் தட்டிப் பார்த்த கதை

கட்டமரான் என்ற ஆங்கிலச் சொல்லே நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனதுதான். இருந்தாலும் ஒன்றை வாங்க நான் பட்ட பாடு!

போன ஞாயிறு வெள்ளவத்தையிலிருந்து பொல்கொடை ஏரிக்குப் போய் ஒரு பழைய ஹோபி 16 பார்த்தேன்; இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த சின்னப் பாய்ப்படகு, கட்டமரான் வகை. ஏரிக்கு நல்ல சாமான். அடியில் நீட்டும் பலகை கிடையாது, ஆழமில்லாத கரையிலும் ஓடும். எடை ஏறக்குறைய 145 கிலோ, இரண்டு பேர் இழுத்துக் கரையேற்றலாம். காற்றுக்கு எதிராகத் திருப்பும்போது மட்டும் அடம்பிடிக்கும்.

"அண்ணை, பெயின்ட் புதுசு" என்றான் விற்கிற தம்பி. அதுதான் எனக்குப் பயம். ஐந்து ரூபாய்க் குற்றியால் மேற்பரப்பைத் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக். முன் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் ஒரு சாண் இடத்தில் 'தொப்'. பெருவிரலால் அமத்த, உள்ளே போய் வந்தது. ஃபைபர் கிளாஸ் உள்நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது.

கிழிந்த பாய், இற்றுப்போன வலை, துருப்பிடித்த கம்பி எல்லாம் மாற்றலாம். செலவுதான், ஆனால் கணக்குப் போடலாம். இந்த 'தொப்' அப்படியில்லை.

சரி, தம்பி விலையைக் குறைத்தான். நான் குற்றியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மொறட்டுவையில் பஸ் ஏறினேன்.