ஐந்து கிராம் குறைவு

"180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்றீர்கள், எங்கள் சோதனையில் 175தான் வருகிறது" என்று வாடிக்கையாளர் இன்று காலை அனுப்பிய புகாரில், துணி எந்த ஈரப்பதத்தில் எடை போடப்பட்டது என்ற விவரம் மட்டும் இல்லை.

பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பல மணி நேரம் வைத்த பிறகே, 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி நிறுக்க வேண்டும்.

உலர்ந்த குளிர்சாதன அறையில், 180 ஜிஎஸ்எம் துணியின் 1.80 கிராம் வட்டம் 1.75 ஆவது வியப்பன்று.

ஒப்பந்தம் அனுமதிக்கும் 5 சதவீத வேறுபாட்டுக்குள் இது அடங்கும்தான். ஆனால் அதைக் காட்டித் தப்பிப்பது, என் பார்வையில், பதிலே ஆகாது.

சோதனை நிலைகளைக் கேட்டதுடன், அதே ரோலில் ஒரு மீட்டரை இரண்டாக்கி, ஒரு பாதியை அவர்களுக்கும் மறுபாதியை வேறொரு ஆய்வகத்துக்கும் அனுப்புவதாக எழுதியிருக்கிறேன்.