பேரூர் படித்துறையில் ஒரு சேலை

ஆற்று மணலுக்குள் புதைந்து கிடக்கிற சேலையை இழுத்து எடுப்பது எவ்வளவு பாடு என்பது இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நொய்யல் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது, கோவை பேரூர் படித்துறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிவப்புச் சேலையின் முந்தி மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது, பிடித்து இழுத்தேன், அசையவே இல்லை. அப்புறம் மூன்று பேர் சேர்ந்து சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டி, கடப்பாரை போட்டு நெம்பி, முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அது ஒரு சேலை இல்லை, நாலு சேலை, இரண்டு வேட்டி, ஒரு போர்வை, எல்லாம் சீமைக்கருவேல வேரோடு வேராகப் பின்னிக் கிடந்தன. அடியில் இருந்த கறுப்புச் சேறு அழுகின முட்டை மாதிரி நாறியது.

திதி கொடுக்க வருகிறவர்கள் துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவது இங்கே பழக்கம். தண்ணீர் ஓடின காலத்தில் அது அடித்துக்கொண்டு போயிருக்கும், இப்போது போட்ட இடத்திலேயே புதைகிறது. படித்துறையில் பூ விற்கிற அக்கா எங்களிடம், "நீங்க எடுக்க எடுக்க அவிங்க போட்டுட்டேதான் இருப்பாங்க கண்ணு, மேல ஒரு தொட்டி வைங்க, நான் பார்த்துக்கறேனுங்" என்றார். வைத்தோம். துணியோடு இறங்குகிறவர்களை அவரே நிறுத்தி, இதுல போடுங்க சாமி என்று சொல்கிறார், அவர் சொன்னால் கேட்கிறார்கள். நாங்கள் ஒட்டின அறிவிப்பை யாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாலு மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் சேர்கிறது. கோவையின் குளங்கள் பலவும் இதன் பிள்ளைகள்தான், அணைக்கட்டில் தடுத்து வாய்க்கால் வழியாகக் குளங்களுக்குக் கொண்டுபோகிற பழைய ஏற்பாடு. நீர்நிலைகளைக் காக்க 2003-ல் தொடங்கின சிறுதுளி அமைப்பும் மாநகராட்சியும் பொதுமக்களும் சேர்ந்து 2013-ல் வற்றிக் கிடந்த உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள், ஊரே மண்வெட்டியோடு இறங்கின நாட்கள் அவை. குளத்தில் இது நடக்கிறது, ஏனென்றால் குளத்துக்குக் கரை இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, நம்ம குளம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தெருவாவது பக்கத்தில் இருக்கும். ஆறு அப்படி இல்லை. நாம் இன்றைக்குச் சுத்தம் செய்த இடத்தில் அடுத்த மழைக்கு மேலூர்க் குப்பை வந்து நிற்கும், சாக்கடையோ மழைக்குக்கூடக் காத்திருப்பதில்லை. அள்ளின துணியை ஏற்றிப் போக வண்டி, ஆற்றுக்குள் இயந்திரம் இறக்க நீர்வளத்துறை அனுமதி, கழிவுநீரைச் சுத்திகரித்து விட ஒரு நிலையம், இதெல்லாம் தன்னார்வலர் கையில் இல்லை. நாங்கள் குப்பையை எடுக்கலாம், குழாயை அடைக்க முடியாது.

திருப்பூர்ப் பக்கம் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களில் சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாகிவிட்டது, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலைமை! அந்தக் கழிவை எந்தச் சாக்குப் பையிலும் அள்ள முடியாது. ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்காக நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவைச் சாய ஆலைகள் நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது. வேலை இழந்தவர்கள் பட்ட கஷ்டம் சின்னதில்லை, அதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். ஆனால் சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால்தான் ஆலையை ஓட்டலாம் என்கிற நிலைமை வந்ததும் அந்த வழக்கால்தான். ஆற்றுக்காகக் கைகோர்த்தவர்கள் பட்டியலை யாராவது எழுதினால், வழக்குப் போட்ட விவசாயிகளை நான் முதல் வரியில் வைப்பேன், பூக்கார அக்காவை அதற்கு அடுத்ததாக.

சரி, வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் படித்துறையில் இருப்போம். கையுறை எங்களிடம் இருக்கிறது, கடப்பாரை ஒன்றுதான் இருக்கிறது, வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். போன வாரம் தோண்டின குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சை முந்தி வெளியே தெரிகிறது.